டையோடா, மாஸ்ஃபெட்டா? ஸ்டெப்-டவுன் கன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

12 வோல்ட் சப்ளையிலிருந்து 3.3 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். இதற்கு நான்கு வழிகள் உண்டு: மிஞ்சும் வோல்டேஜை வெப்பமாக எரிக்கும் லீனியர் ரெகுலேட்டர், ஸ்விட்சை வேகமாக ஆன்-ஆஃப் செய்து இண்டக்டர் வழியாக வோல்டேஜை இறக்கும், டையோடு வைத்த பக் கன்வெர்ட்டர், அந்த டையோடின் இடத்திலும் மாஸ்ஃபெட் (டிரான்சிஸ்டர் ஸ்விட்ச்) வைத்து, இரண்டு மாஸ்ஃபெட்டும் உள்ளேயே அமைந்த சின்க்ரனஸ் பக் ஐசி, வெளி மாஸ்ஃபெட்டுகளை ஓட்டும் கன்ட்ரோலர். சின்க்ரனஸ்தான் நவீனமானது, அதையே போடுவோம் என்ற முடிவு பல நேரம் சரியாகவே அமைகிறது. ஆனால் தவறான காரணத்துக்காகச் சரியான முடிவெடுத்தால், அடுத்த போர்டில் அதே காரணம் தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விடும். டேட்டாஷீட் முதல் பக்கத்தில் இருக்கும் "95 சதவீதம்" பெரும்பாலும் நம்முடைய உள்ளீடு, வெளியீடு, லோடுக்கு உரியது அல்ல. அதனால் நம் எண்களை வைத்தே கணக்கைப் போடுவோம்.

லீனியர் ரெகுலேட்டரை இந்த வேலைக்கு உடனே ஒதுக்கிவிடலாம். 8.7 வோல்ட் வித்தியாசத்தில் 3 ஆம்பியர் ஓடினால் 26 வாட் வெப்பம். பயனுக்குப் போவதோ 9.9 வாட். இதே ரெகுலேட்டர் வெற்றி பெறும் இடமும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

டையோடு எவ்வளவு தின்கிறது

பக் கன்வெர்ட்டரில் உள்ளீட்டை இண்டக்டரோடு இணைக்கும் மேல் ஸ்விட்ச் திறந்திருக்கும் (ஆன் ஆகிக் கடத்தும்) நேரப் பங்கு, அதாவது டூட்டி, ஏறக்குறைய வெளியீட்டு வோல்டேஜை உள்ளீட்டு வோல்டேஜால் வகுத்தது. 3.3-ஐ 12-ஆல் வகுத்தால் 0.275. மீதி 0.725 பங்கு நேரமும் இண்டக்டர் மின்னோட்டம் கீழ்ப் பாதை வழியாகவே சுற்றுகிறது. அந்தப் பாதையில் ஷாட்கி டையோடு (குறைந்த வோல்டேஜே விழும் வகை) இருந்தால், 0.5 வோல்ட் × 3 ஆம்பியர் × 0.725 = 1.09 வாட். அதே இடத்தில் 40 மில்லிஓம் மாஸ்ஃபெட் இருந்தால், 3² × 0.04 × 0.725 = 0.26 வாட். இரண்டு மாஸ்ஃபெட்டும் அணைந்திருக்கும் டெட் டைமில் பாடி டையோடு (மாஸ்ஃபெட்டுக்குள் இயல்பாகவே உள்ள டையோடு) கடத்துவதால் இன்னொரு 0.04 வாட் சேரும். ஆக மிச்சம் சுமார் 0.8 வாட்; மொத்தத் திறனில் ஆறு சதவீதப் புள்ளிகள்.

இப்போது டூட்டியை மாற்றிப் பாருங்கள். 12-லிருந்து 9 வோல்ட் எடுத்தால் டையோடு கடத்துவது கால்வாசி நேரம்தான். இழப்பு 0.375 வாட், வெளியீடோ 27 வாட். ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு, மாஸ்ஃபெட் போட்டாலும் பெரிதாக மாற்றம் தெரியாது. மாறாக, 12-லிருந்து 1 வோல்ட் எடுத்தால் டையோடு 92 சதவீத நேரம் கடத்துகிறது. 3 வாட் வெளியீட்டுக்கு 1.37 வாட் டையோடிலேயே போய்விடும். அங்கே சின்க்ரனஸ் தவிர வேறு பேச்சே இல்லை. ஆக, முதலில் கேட்க வேண்டியது "எத்தனை ஆம்பியர்" என்பது அல்ல. வெளியீட்டு வோல்டேஜ் உள்ளீட்டில் எத்தனையில் ஒரு பங்கு என்பதுதான்.

ஒப்பீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழையை இங்கே சொல்ல வேண்டும். எல்எம்2596 என்ற பழைய டையோடு வகை ஐசியை ஒரு பக்கமும் புதிய சின்க்ரனஸ் ஐசியை மறுபக்கமும் வைத்து, வித்தியாசம் முழுவதையும் டையோடின் தலையில் கட்டிவிடுகிறார்கள். எல்எம்2596-இன் 3.3 வோல்ட் வகைக்கு 12 வோல்ட் உள்ளீட்டில், 3 ஆம்பியரில் டேட்டாஷீட் சொல்வதே 73 சதவீதம்தான். அதாவது சுமார் 3.7 வாட் இழப்பு. அதில் டையோடின் பங்கு 1 வாட் அளவே. அந்த ஐசியின் மேல் ஸ்விட்ச் பைபோலார் டிரான்சிஸ்டர்; 3 ஆம்பியரில் அதன் மேல் விழுவது 1.16 வோல்ட். அதுவே தனியாக ஒரு வாட்டுக்கு மேல். மெதுவாக ஏறி இறங்கும் ஸ்விட்சிங்கும் ஐசியின் சொந்தச் செலவும் மீதியைச் சாப்பிடுகின்றன. டையோடு முறையை நியாயமாக எடைபோட வேண்டுமானால் டிபிஎஸ்54331 போன்ற ஒன்றை எடுக்க வேண்டும்: மேல் ஸ்விட்ச் 80 மில்லிஓம் மாஸ்ஃபெட், கீழே வெளி ஷாட்கி, 570 கிலோஹெர்ட்ஸ். அதற்கும் சின்க்ரனஸுக்கும் 3.3 வோல்ட்டில் இடைவெளி முன்சொன்ன ஆறு புள்ளிகளை ஒட்டியே இருக்கும், இருபது அல்ல.

வெப்பம் எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். டையோடு முறையில் ஒரு வாட் ஐசிக்கு வெளியே, தனக்கென்று செம்புப் பரப்பு உள்ள உறையில் எரிகிறது. சின்க்ரனஸில் மொத்த இழப்பு குறைவுதான், ஆனால் கீழ் மாஸ்ஃபெட்டின் வெப்பமும் அதே சிறு சில்லுக்குள்தான். டிபிஎஸ்54302-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 4.5 முதல் 28 வோல்ட், 3 ஆம்பியர், 400 கிலோஹெர்ட்ஸ், மேலே 85 மில்லிஓம், கீழே 40 மில்லிஓம், ஆறு கால் எஸ்ஓடி-23 உறை. 3 ஆம்பியரில் மேல் மாஸ்ஃபெட் 0.21, கீழ் 0.26, ஸ்விட்சிங்கும் டெட் டைமும் சேர்ந்து 0.18 என ஐசிக்குள் 0.65 வாட். சூடானால் மாஸ்ஃபெட்டின் தடை மூன்றில் ஒரு பங்காவது ஏறும், அப்போது 0.8 வாட். செம்பு குறைவான போர்டில் வாட்டுக்கு 80 டிகிரி என்று வைத்தால் 64 டிகிரி உயர்வு. மூடிய பெட்டிக்குள் சுற்று வெப்பம் 60 டிகிரி என்றால் 124 டிகிரியில் நிற்கும், 125 வரம்பின் வாசலில். "3 ஆம்பியர்" என்ற எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பது இதனால்தான். இந்த உறையில் தொடர்ந்து ஓட 2 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு, 3 ஆம்பியரை உச்சத்துக்கு விட்டுவைப்பது என் பழக்கம். தொடர்ந்து 3 வேண்டுமானால் அடியில் வெப்பத் தகடு உள்ள உறையில் வரும் ஐசிக்குப் போங்கள்.

லோடு குறைந்தால் கதை மாறும்

டையோடு ஒருவழிப் பாதை. லோடு, ரிப்பிள் மின்னோட்டத்தில் (ஒவ்வொரு சுழற்சியிலும் இண்டக்டர் மின்னோட்டம் ஏறி இறங்கும் அளவில்) பாதிக்குக் கீழே இறங்கியதும் இண்டக்டர் மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். மாஸ்ஃபெட் இருவழிப் பாதை. அதை அணைக்காமல் வைத்திருந்தால் மின்னோட்டம் எதிர்த்திசையில் திரும்பி, வெளியீட்டுக் கெப்பாசிட்டரிலிருந்து எடுத்த சார்ஜை நிலத்துக்கு ஓட்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் போவதும் வருவதுமாக வீண் அலைச்சல்.

இதனால் சின்க்ரனஸ் ஐசிகளில் இரண்டு இனங்கள் உள்ளன. ஒன்று, மின்னோட்டம் பூஜ்யமானதைக் கண்டு கீழ் மாஸ்ஃபெட்டை அணைத்து, துடிப்புகளைத் தவிர்த்துத் தவிர்த்து ஓடுவது. இன்னொன்று, லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே அதிர்வெண்ணில் ஓடுவது. டிபிஎஸ்563201, டிபிஎஸ்563208 என்ற ஜோடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: இரண்டும் 17 வோல்ட், 3 ஆம்பியர், 580 கிலோஹெர்ட்ஸ், முதலாவது துடிப்பைத் தவிர்க்கும், இரண்டாவது தவிர்க்காது. கடைசி ஓர் இலக்கம் மாறி ஆர்டர் போனால் போர்டு வேலை செய்யும், ஆனால் பேட்டரி பாதி நேரத்தில் தீரும். பொருள் பட்டியலில் இதைத் தனியாகச் சரிபாருங்கள்.

பெரும்பகுதி நேரம் தூங்கி, எப்போதாவது விழித்து ரேடியோவில் பேசும் கருவிக்குத் துடிப்பு தவிர்க்கும் வகைதான் வேண்டும். எல்எம்2596-இன் சொந்தச் செலவு 5 மில்லிஆம்பியர். டிபிஎஸ்54302-க்கு 45 மைக்ரோஆம்பியர். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். இதற்கும் டையோடுக்கும் சம்பந்தமில்லை, ஐசியின் தலைமுறைதான் காரணம்.

துடிப்பு தவிர்ப்புக்கு விலையும் உண்டு. ஸ்விட்சிங் அதிர்வெண் லோடோடு சேர்ந்து இறங்கி, காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வந்துவிடும். செராமிக் கெப்பாசிட்டர் மெல்லிசாகக் கீச்சிடும். வெளியீட்டு ரிப்பிளும் பெரிதாகும். ஒலிச் சுற்று, நுண்ணிய ஏடிசி அளவீடு, ரேடியோ ரிசீவர் பக்கத்தில் நிலையான அதிர்வெண் வகையே நல்லது. சில மில்லிஆம்பியர் கூடுதல் செலவைத் தாங்கிக்கொள்ளலாம். இன்னும் அமைதி வேண்டுமானால் பக்கை 3.8 வோல்ட்டில் நிறுத்தி, அதன் பின்னால் 3.3 வோல்ட் எல்டிஓ (குறைந்த வோல்டேஜ் வித்தியாசத்திலும் ஓடும் லீனியர் ரெகுலேட்டர்) வையுங்கள். ஆனால் எல்டிஓ பல நூறு கிலோஹெர்ட்ஸில் எவ்வளவு ரிப்பிளை அடக்குகிறது என்ற வரைபடத்தைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் அருமையாக அடக்கும் பல எல்டிஓக்கள் 500 கிலோஹெர்ட்ஸில் அநேகமாகச் சும்மா விட்டுவிடும்.

லீனியர் ரெகுலேட்டர் வெல்லும் இடம் என்று சொன்னது இங்கேதான். ஒற்றை லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட் எடுக்கும்போது எல்டிஓவின் திறன் 3.3-ஐ 3.7-ஆல் வகுத்தது, அதாவது 89 சதவீதம். சிறிய பக்கும் ஏறக்குறைய அதைத்தான் தரும். இண்டக்டர், இரைச்சல், போர்டு இடம் எல்லாம் கூடுதல் தொல்லை. எம்சிபி1700 போன்ற எல்டிஓவின் சொந்தச் செலவு 1.6 மைக்ரோஆம்பியர்தான். 1.8 வோல்ட் வேண்டுமென்றால் எல்டிஓ 49 சதவீதத்துக்கு விழுந்துவிடும். அப்போது 360 நானோஆம்பியர் மட்டுமே எடுக்கும் டிபிஎஸ்62740 மாதிரியான சின்க்ரனஸ் பக் உண்மையிலேயே பேட்டரி ஆயுளை நீட்டும்.

இருவழிப் பாதையின் ஆபத்து

நிலையான அதிர்வெண்ணில் ஓடும் சின்க்ரனஸ் பக்கை எதிர்த்திசையில் பார்த்தால் அது ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர், அதாவது வோல்டேஜை ஏற்றுவது. வெளியீடு தான் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் இருந்தால், ஐசி அதை இறக்கப் பார்க்கும்; இறக்கிய ஆற்றல் உள்ளீட்டுக்குப் போகும். வெளியீட்டில் 1000 மைக்ரோஃபாரட் இருக்கிறது, ஓடும்போதே 5 வோல்ட்டிலிருந்து 3.3-க்கு மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். விடுபடும் ஆற்றல் 7 மில்லிஜூல். உள்ளீட்டில் 22 மைக்ரோஃபாரட் மட்டும், அடாப்டரோ மின்னோட்டத்தைத் திரும்ப வாங்காது, அந்த ரெயிலில் வேறு லோடும் இல்லை. கணக்குப்படி 12 வோல்ட் ரெயில் 28 வோல்ட்டுக்கு ஏறும். வழியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 25-ஐத் தாண்டும். 17 வோல்ட் ஐசி அதில் பிழைக்காது. வெளியீட்டில் பேட்டரியோ சூப்பர் கெப்பாசிட்டரோ இருந்தால் இன்னும் மோசம், அது காலியாகும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட இடங்களில் துடிப்பு தவிர்க்கும் வகை, அல்லது பழைய டையோடு வகை.

இதோடு சேர்ந்தது, வெளியீட்டில் ஏற்கெனவே மின்னழுத்தம் இருக்கும்போது ஆன் ஆவது. வேறொரு ரெயிலிலிருந்து பாதுகாப்பு டையோடுகள் வழியாக 3.3 வோல்ட் ரெயிலில் ஒரு வோல்ட் நின்றிருந்தால், வெளியீட்டை மெல்ல ஏற்றும் சாஃப்ட்-ஸ்டார்ட் பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கும்போது ஐசி அந்த ஒரு வோல்ட்டைக் கீழே இழுக்கப் பார்க்கும். டேட்டாஷீட்டில் ப்ரீ-பயாஸ் ஸ்டார்ட்-அப் பற்றி வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை இருவகைக்கும் பொது. உள்ளீடு போன பிறகும் வெளியீட்டில் மின்னழுத்தம் மிஞ்சியிருந்தால், மேல் மாஸ்ஃபெட்டின் பாடி டையோடு வழியாக மின்னோட்டம் பின்னோக்கி ஓடும். டையோடு வைத்த பக்கும் இதைத் தடுக்காது.

சின்க்ரனஸுக்குச் சாதகமான, அதிகம் பேசப்படாத ஒரு விஷயமும் உண்டு. மேல் மாஸ்ஃபெட்டை ஓட்டும் 0.1 மைக்ரோஃபாரட் பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர், ஸ்விட்ச் முனை (மேல், கீழ்ப் பாதைகளும் இண்டக்டரும் சேரும் இடம்) நிலத்துக்கு இறங்கும்போதுதான் நிரம்பும். உள்ளீடும் வெளியீடும் நெருங்கி, லோடும் மிகக் குறைவாக இருந்தால் டையோடு வகையில் அந்த முனை சரியாக இறங்காது. பூட்ஸ்ட்ராப் வறண்டு வெளியீடு தடுமாறும். சின்க்ரனஸில் கீழ் மாஸ்ஃபெட்டைச் சற்று திறந்து நிரப்பிக்கொள்ள முடியும்.

உள்ளே மாஸ்ஃபெட்டா, வெளியேயா

6 ஆம்பியர் வரை யோசிக்கத் தேவையில்லை, உள்ளே அமைந்ததே போதும். 10-க்கு மேல், அல்லது 48 வோல்ட் உள்ளீட்டில் நல்ல மின்னோட்டம் என்றால் கன்ட்ரோலரும் வெளி மாஸ்ஃபெட்டுகளும். 6 முதல் 75 வோல்ட் வரை ஏற்கும் எல்எம்5145 அந்த இனம். நடுவில் இருப்பது அவரவர் வெப்பக் கணக்கைப் பொறுத்தது.

வெளி மாஸ்ஃபெட் தேர்வில் இரண்டு இடத்திலும் ஒரே மாஸ்ஃபெட்டைப் போடுவது டூட்டி குறைவான டிசைனுக்குப் பொருந்தாது. மேலது குறைந்த நேரமே கடத்துகிறது, ஆனால் ஸ்விட்சிங் இழப்பு முழுவதும் அதற்கே. அதற்குக் கேட் சார்ஜ் குறைவாக இருக்கட்டும். கீழது நீண்ட நேரம் கடத்துகிறது. அதற்குத் தடை குறைவாக இருக்கட்டும். கீழ் மாஸ்ஃபெட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மேலது வேகமாகத் திறந்து ஸ்விட்ச் முனை எகிறும்போது, கீழதின் டிரெயின்-கேட் கெப்பாசிட்டன்ஸ் வழியாக அதன் கேட்டும் தூக்கப்படும். வரம்பு வோல்டேஜைத் தாண்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் கடத்தி, உள்ளீடு நேராக நிலத்துக்குச் சாத்தப்படும். டிரெயின்-கேட் சார்ஜ், வரம்பு வரை கேட்-சோர்ஸுக்குத் தேவையான சார்ஜைவிடக் குறைவாக உள்ள மாஸ்ஃபெட்டைத் தேர்ந்தெடுங்கள். அறிகுறி: லோடே இல்லாதபோதும் மாஸ்ஃபெட்டுகள் சூடாகும். முதல் மருந்து, பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டரோடு தொடராக 2 முதல் 5 ஓம். மேல் மாஸ்ஃபெட் சற்று மெதுவாகத் திறக்கும், அணைவது மெதுவாகாது.

இண்டக்டரும் உள்ளேயே அடங்கிய மாட்யூல் பற்றி: சில பத்து போர்டுகள் மட்டும் செய்கிறீர்கள், லேஅவுட்டில் அனுபவமில்லை என்றால் கூடுதல் செலவுக்கு அது தகும். எண்ணிக்கை ஆயிரங்களில் போனால் தகாது.

12 வோல்ட்டுக்கு 17 வோல்ட் ஐசி போதுமா

பெஞ்சில் போதும். களத்தில் பலமுறை போதாது. ஒரு மீட்டர் வயர், மறுமுனையில் செராமிக் கெப்பாசிட்டர் மட்டும் உள்ள போர்டு; மின்சாரம் இருக்கும்போதே பிளக்கைச் செருகினால் வயரின் இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அதிர்ந்து, உள்ளீடு ஏறக்குறைய இரு மடங்குக்கு, 24 வோல்ட்டுக்குப் போகும். டிபிஎஸ்563201-இன் உச்ச வரம்பு 19 வோல்ட். ஐசி உள்ளீட்டுக்கும் நிலத்துக்கும் இடையே ஷார்ட் ஆகி இறந்து கிடக்கும்; பலர் லோடைக் குறை சொல்வார்கள். 47 முதல் 100 மைக்ரோஃபாரட் சாதாரண எலக்ட்ரோலிட்டிக் ஒன்றை செராமிக்குக்கு இணையாக வைத்தால், அதன் உள்தடையே அந்த அதிர்வை அடக்கும். இங்கே உள்தடை குறைந்த பாலிமர் வகை உதவாது. பிளக் வழியாக 12 வோல்ட் வாங்கும் எந்தப் போர்டுக்கும் 28 வோல்ட் ஐசியே என் தேர்வு. போர்டுக்குள்ளேயே பிறந்து அடங்கும் 12 வோல்ட்டுக்கு 17 வோல்ட் ஐசி போதும்.

எண்கள், பாகங்கள்

மேலே சொன்ன 12-லிருந்து 3.3 வோல்ட், 400 கிலோஹெர்ட்ஸ் டிசைனை டிபிஎஸ்54302 வைத்து முழுதாகப் போடுவோம். ரிப்பிள் மின்னோட்டம் உச்ச லோடில் 30 சதவீதம், 0.9 ஆம்பியர் என்று வைத்தால் இண்டக்டர் 3.3 × 0.725-ஐ 0.9 ஆம்பியர் × 400 கிலோஹெர்ட்ஸால் வகுத்தது: 6.65 மைக்ரோஹென்ரி. சந்தையில் கிடைப்பது 6.8. அதில் ரிப்பிள் 0.88 ஆம்பியர், உச்சம் 3.44 ஆம்பியர். ஆனால் 3.44-க்குச் சரியாக இண்டக்டர் வாங்கிவிடாதீர்கள். ஷார்ட் ஆகும்போதும் ஆன் ஆகும்போதும் மின்னோட்டம் ஐசியின் வரம்பு வரை, சுமார் 5 ஆம்பியர் வரை போகும். ஃபெரைட் கோர் செறிவடைந்தால் இண்டக்டன்ஸ் சட்டென்று சரிந்து, ஐசி சுதாரிப்பதற்குள் மின்னோட்டம் எகிறிவிடும். செறிவு மின்னோட்டம் 6 ஆம்பியராவது உள்ள, உலோகத் தூளில் வார்த்த இண்டக்டர் நல்லது. அது மெதுவாகத்தான் செறிவடையும்.

வெளியீட்டில் 22 மைக்ரோஃபாரட் எக்ஸ்5ஆர் செராமிக் இரண்டு. இங்கே காகிதக் கணக்கு ஏமாற்றும்: செராமிக் கெப்பாசிட்டர் தன் மேல் இருக்கும் டிசி வோல்டேஜுக்கு ஏற்ப மதிப்பை இழக்கிறது. 0805 அளவில் 6.3 வோல்ட் வகை 3.3 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கை இழந்தாலே வியப்பில்லை. 5 வோல்ட்டில் பாதிக்கு மேல் போகலாம். 44 என்று எழுதினாலும் 28 அளவே கைக்கு வரும் என்று வைத்து, தயாரிப்பாளரின் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குறைந்துபோன கெப்பாசிட்டன்ஸ் ரிப்பிளை மட்டும் கூட்டுவதில்லை, கட்டுப்பாட்டு வளையத்தையும் அசைக்கிறது.

உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் தாங்க வேண்டிய ஆர்எம்எஸ் மின்னோட்டம் 3 × √(0.275 × 0.725) = 1.34 ஆம்பியர். இதை எலக்ட்ரோலிட்டிக் மேல் விட்டால் சூடாகி வற்றும். 10 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் செராமிக் இரண்டு ஏற்கட்டும். கூடவே 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று ஐசியின் கால்களை ஒட்டி. ஃபீட்பேக்கில் 0.596 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மேலே 100 கிலோஓம், கீழே 22 கிலோஓம், வெளியீடு 3.305 வோல்ட்.

லேஅவுட்டில் சின்க்ரனஸ் இன்னும் கண்டிப்பானது, ஏனென்றால் விளிம்புகள் வேகமானவை. உள்ளீட்டு செராமிக்கிலிருந்து மேல் மாஸ்ஃபெட், கீழ் மாஸ்ஃபெட், நிலம், திரும்பக் கெப்பாசிட்டர் என்ற வளையம்தான் இரைச்சலின் ஊற்று. முதலில் அந்தக் கெப்பாசிட்டரை வையுங்கள், இண்டக்டரைப் பிறகு வைக்கலாம். இடையில் வயா (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளை) வேண்டாம். ஸ்விட்ச் முனையின் செம்பு மின்னோட்டத்துக்கு வேண்டிய அளவே இருக்கட்டும். ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள் ஐசியின் காலருகே இருக்கட்டும். வெளியீட்டிலிருந்து வரும் நீளமான தடம் குறைந்த தடைப் பக்கம், அது ஓடலாம்.

ஸ்விட்ச் முனையில் அதிர்வு அதிகமென்றால் ஸ்னப்பர் (அங்கிருந்து நிலத்துக்குத் தொடராக ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்): அதிர்வெண்ணை அளந்துகொண்டு, அது பாதியாகும் வரை நிலத்துக்குக் கெப்பாசிட்டரைக் கூட்டுங்கள். கூட்டியதில் மூன்றில் ஒரு பங்கே அங்கே இயல்பாக உள்ள கெப்பாசிட்டன்ஸ். முதலில் அளந்த அதிர்வெண்ணில் அந்த இயல்புக் கெப்பாசிட்டன்ஸின் ரியாக்டன்ஸ் எத்தனை ஓமோ, அதுவே தொடர் ரெசிஸ்டரின் மதிப்பு. 1 நானோஃபாரட் ஸ்னப்பர் 12 வோல்ட், 400 கிலோஹெர்ட்ஸில் 58 மில்லிவாட் தின்னும். 0402 ரெசிஸ்டர் அதில் திணறும், 0805 போடுங்கள்.

அதிர்வெண்ணைக் கூட்டி இண்டக்டரைச் சிறிதாக்க நினைப்பவர்கள் குறைந்தபட்ச ஆன் நேரத்தைப் பார்த்துவிட வேண்டும். 24-லிருந்து 1 வோல்ட், 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் மேல் மாஸ்ஃபெட் திறந்திருக்க வேண்டியது 42 நானோவினாடி மட்டுமே. பல ஐசிகளால் 100 நானோவினாடிக்குக் கீழ் இறங்க முடியாது. துடிப்புகளை விட்டுவிட்டு ஒழுங்கற்ற ரிப்பிளோடு ஓடும். 400 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 104 நானோவினாடி கிடைக்கும்.

டையோடு வகை இன்னும் எங்கே

24-லிருந்து 15, 12-லிருந்து 9 போல டூட்டி பாதிக்கு மேல் உள்ள, ஓர் ஆம்பியருக்குள் அடங்கும் லோடுகளுக்கு. வெளியீட்டில் பேட்டரி இருக்கும் எளிய சார்ஜர்களுக்கு. கையால் பழுதுபார்க்க வேண்டிய, ஐந்து கால் டிஓ-220 உறை வசதியான கருவிகளுக்கு. சுற்று வெப்பம் மிக அதிகமான, உள்ளீட்டு வோல்டேஜும் அதிகமான இடத்தில் மட்டும் ஷாட்கியின் கசிவு மின்னோட்டத்தைக் கவனியுங்கள். சூடு ஏற ஏறக் கசிவு ஏறும், கசிவு ஏற ஏறச் சூடு ஏறும். கடைசியில் டையோடே போய்விடும்.

மலிவான தயார் மாட்யூலில் எல்எம்2596 என்று அச்சிட்டிருந்தால், வாங்கியதும் ஸ்விட்ச் முனையை ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். 150 கிலோஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். 52-ஐ ஒட்டித் தெரிந்தால், உள்ளே இருப்பது எல்எம்2576 போன்ற பழைய வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். 12-லிருந்து 5 வோல்ட்டுக்கு, 33 மைக்ரோஹென்ரியில் ரிப்பிள் மின்னோட்டம் 0.59 ஆம்பியருக்குப் பதிலாக 1.7 ஆம்பியர் ஆகியிருக்கும். 3 ஆம்பியர் லோடில் உச்சம் 3.85. அந்த மாட்யூலின் இண்டக்டரும் வெளியீட்டு எலக்ட்ரோலிட்டிக்கும் அதைத் தாங்குமாறு போடப்பட்டவை அல்ல. அதை 1.5 ஆம்பியருக்கு மேல் ஏற்றாதீர்கள்.